பெரியம்மா கவரைப்பேட்டையில் பிச்சை எடுக்கிறாளாம்

இது நான் திட்டம் போட்டுப் போன பயணம் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் ஓர் ஆடி மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அண்ணன் வீட்டில் முடிவாகி, சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன். ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால்தான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றிப் பார்க்க இடம் தேடி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். கடைசியில் ஒரு கோயில் வருகிறது, நல்ல சாப்பாடும் வருகிறது. ஆனால் நான் போனது அதற்காக இல்லை.

முதலில் மனிதர்களைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா என்றால் என் அப்பாவின் அண்ணன். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மாவும் அவரும் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, லெவல் கிராசிங்கை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருந்தார்கள். குழந்தை கிடையாது. எங்கள் அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, அவர்களுக்கு என்று இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். அண்ணன் பெரம்பூரில், தம்பி வில்லிவாக்கத்தில், நான் அயனாவரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில். டெலிபோன் ஆபீஸில் எனக்கு வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்போதே பதில் சொல்லியாயிற்று, இங்கே வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணியின் தம்பி தடாவிலிருந்து பஸ்ஸில் வந்தவன் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். கவரைப்பேட்டையில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தானாம். பெரியம்மா ஒரு கடை வாசலில் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாளாம். கடைக்காரர் ஏதோ போட்டாராம். அவள் அடுத்த கடைக்குப் போனாளாம். இவன் இறங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

"மானம் கப்பலேறிப் போச்சு" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பென்ஷன் வருகிறதே, அது என்ன ஆச்சு என்று தம்பி கேட்டான். அரிசி யார் அனுப்புவது என்று ஒருவர் மேல் ஒருவர் விரல் நீட்டினார்கள். பேசிப் பேசிக் கடைசியில் முடிவானது இதுதான்: இரண்டு பேரையும் மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. ஒருவர் வீட்டிலும் இரண்டு பேருக்கு இடம் இல்லை. அதனால் பெரியப்பா பெரம்பூரில், பெரியம்மா வில்லிவாக்கத்தில். பஸ் ஏறினால் அரை மணிதானே என்றான் தம்பி.

அந்த அரை மணிதான் எனக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அவர்கள் இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து அடைகிற வரை சண்டை போடுவார்கள். ஆனால் ஒருவர் வராமல் மற்றவர் ஒரு வாய் காபி குடிக்க மாட்டார். இந்த வயதில் ஆளுக்கு ஒரு வீட்டில் கட்டிப்போடுவதா என்று கேட்க நினைத்தேன். முந்தானை ஏந்தி நிற்கிறாளே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்கள். சனி, ஞாயிறு எனக்குத்தான் விடுமுறை என்பதால் கூட்டிவரும் வேலையும் என் தலையில் விழுந்தது. அவர்கள் துணிமணி எடுத்து வர இரண்டு காலிப் பைகளோடு கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி நாற்பத்தெட்டு கிலோமீட்டர். கவரைப்பேட்டை அதற்கு முந்தின ஸ்டேஷன். அப்போது அந்தப் பக்கம் மின்சார வண்டி வரவில்லை, நிலக்கரி இன்ஜின்தான். காலைப் பாசஞ்சரில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. சிக்னலில் நின்றால் இரண்டு மணி. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்காராதீர்கள் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. எண்ணூர் வருவதற்குள் மடி முழுக்கக் கரித்தூள்.

வண்டியில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்குப் போகிற ஆட்கள். தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சீட்டாடினார்கள். எண்ணூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பங்கழி, அப்புறம் அத்திப்பட்டில் உப்பளம், மீஞ்சூரில் ஏறிய கீரைக் கட்டுகள், பொன்னேரி, ஆரணி ஆற்றுப் பாலம். ஆற்றில் தண்ணீர் கிடையாது, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். பெரியம்மாவிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஒத்திகைக்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று. கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தால், மளிகைக் கடை வாசலில் பெரியம்மா நிற்கிறாள். வெளுத்துப்போன பழம்புடவை, காலில் செருப்பு இல்லை, முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

"பெரிம்மா! இன்னா பண்றே நீ?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை, சிரிக்கவில்லை. ஏந்திய முந்தானையை அப்படியே என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். கோபம் வந்தால் எனக்கு எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாது. கடைக்காரர் மேல் பாய்ந்தேன். "வயசானவங்கள வெயில்ல நிக்க வெச்சு அரிசி போடறீங்களே, இந்த ஊர்ல கேக்கறதுக்கு ஆளே இல்லையா?"

அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இன்னாத்துக்கும்மா கூவுற? ஆத்தாளுக்கு மடிப்பிச்ச எடுக்கறாங்க. பெரியபாளையத்து வேண்டுதலு. எடுத்து முடிக்கிற வரிக்கும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீயும் ஒரு பிடி போட்டுட்டு நகரு, யாவாரம் ஆவணும்."

தெரியாதவர்களுக்காக: வீட்டில் ஒருவர் பெரிய கண்டத்திலிருந்து பிழைத்தால், மடிப்பிச்சை எடுத்துப் பொங்கல் வைக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். சொந்த அரிசி இருந்தாலும் அது செல்லாது, நாலு பேரிடம் கேட்டு வாங்கியதுதான் செல்லும். வசதி உள்ளவர்களும் எடுப்பார்கள். ஆனால் மஞ்சள் புடவை கட்டி, கையில் வேப்பிலை வைத்திருப்பார்கள். பஸ் ஜன்னலில் பார்க்கிற குழந்தைக்குக்கூட விஷயம் புரிந்துவிடும். பெரியம்மாவிடம் இரண்டும் இல்லை. அண்ணியின் தம்பியை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு முழம் தள்ளி நின்ற எனக்கே தெரியவில்லையே.

அதே கடையில் ஒரு படி அரிசி வாங்கி அவள் முந்தானையில் போட்டேன். மிச்சமிருந்த கடைகளுக்கு அவள் பின்னாலேயே போனேன். கையில் காலிப் பையோடு நான் பின்தொடர்வதைப் பார்த்து, டீக்கடைக்காரர் எனக்கும் ஒரு பிடி போட வந்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் பையில் விழுந்துவிட்டது.

எல்லாம் முடிந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிய பிறகுதான் பெரியம்மா வாயைத் திறந்தாள். முதல் கேள்வி: "நாஷ்டா துன்னியா?"

"நாஷ்டா கெடக்கட்டும். மஞ்சப் புடவை எங்கே? வேப்பிலை எங்கே?"

"அத்தக் கட்டிக்கினு போனா ஆத்தாளுக்குப் பயந்துகினு போடுவான். அது பிச்சயா? தெரிஞ்சவன் ரெண்டு பேரத் தவிர மத்தவன் கெயவி பாவம்னு போடணும். நாலு பேரு போடல, போன்னு வெரட்னான். அப்பத்தான் கணக்கு செரியா வரும். மஞ்சப் புடவை கோயிலுக்கு வெச்சிக்கினு இருக்கேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவளுடைய இந்தப் பிடிவாதத்தால் பெரம்பூரில் ஒரு குடும்பமே ராத்திரி சாப்பிடவில்லை. "யாருக்கு வேண்டுதல்?" என்று கேட்டேன்.

இப்போது அவள் மறுபடி வாயை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை அம்மனுக்காக இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பதில் சொன்னது ரிக்‌ஷாக்காரர்: "பெர்சுக்குத்தாம்மா. வைகாசில பொன்னேரி ஆஸ்பத்திரில கெடந்தாரே, பொயப்பாரா மாட்டாரான்னு. உங்களுக்குத் தெரியாது?"

தெரியாது. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது. முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் பொன்னேரியில் பெரியப்பா சாகக் கிடந்திருக்கிறார், நாங்கள் மெட்ராசில் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். வந்த ஆத்திரத்தில் ரிக்‌ஷாவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாம் போல இருந்தது.

"ஏன் பெரிம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்கோ? அவர ஒரு ஊட்டுல, என்ன ஒரு ஊட்டுல போட்டு வெப்பீங்கோ. உன் அண்ணி பொங்கலுக்கு வந்தப்பவே வாய உட்டுட்டா." அப்புறம் என் மடியில் இருந்த பைகளைப் பார்த்தாள். "அதுக்குத்தான வந்துகிற?"

மூன்று கிலோமீட்டர் தூரம். பைகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். பாதியாக இளைத்திருந்தார், சட்டை ஆணியில் மாட்டினது மாதிரி தொங்கியது. "வா கமலி! ஆபீசுல லீவா, இல்ல தொரத்திட்டாங்களா?" என்று குரல் மட்டும் பழைய குரலாக வந்தது. அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, வீட்டைச் சோதனை போடுகிற வேலையில் இறங்கினேன்.

இதை நான் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்வேன். பெரியவர்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். கண்ணால் பாருங்கள். நான் பார்த்தேன். அரிசிப் பானையில் அரிசி இருந்தது, பருப்பு, எண்ணெய், எல்லாம் இருந்தது. பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அடுப்படி சுத்தம். ஆனால் பெரியப்பாவுக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது, தட்டில் இருந்த ஊறுகாயைத் தடவி எடுத்தார். பெரியம்மா உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. கிணறு தூரம். கட்டிலிலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் இடுப்பளவில் ஒரு கயிறு கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாராம்.

"சரி, அன்னைக்கு என்ன ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று உட்கார்ந்தேன்.

பெரியப்பா சொன்னார். நாலைந்து நாள் காய்ச்சல், நெஞ்சு முழுக்கச் சளி. ஒரு நாள் சாயங்காலம் மூச்சு விட முடியாமல் கொல்லையில் விழுந்துவிட்டார். "இவ வெளக்கத் திருப்பி வெச்சா. எல்லாரும் வந்துட்டாங்கோ. கூட்ஸ் வண்டிய கேட்டாண்ட நிறுத்தி, கார்டு பெட்டில ஏத்திக்கினு போயிட்டாங்கோ. நான் எங்க பாத்தேன், அல்லாம் இவ சொன்னதுதான்."

என்ன விளக்கு என்று கேட்டேன். கூப்பிட்டுப் போய்க் காட்டினார். வீட்டின் பக்கச் சுவரில், லெவல் கிராசிங் கேட்டைப் பார்த்தாற்போல ஒரு பழைய ரயில்வே கை விளக்கு மாட்டியிருந்தது. உள்ளே திருப்புகிற கண்ணாடி, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பொழுது சாய்ந்ததும் ஏற்றிப் பச்சையில் வைப்பார். கேட்டில் இருக்கும் ஆள் பார்த்துக்கொள்வார். பச்சை என்றால் பெரியவர்கள் நன்றாக இருக்கிறார்கள். சிவப்பு என்றால் வா. ஏற்றவே இல்லை என்றாலும் வா. பக்கத்தில் தகரம் வைத்துத் தண்டவாளத்துப் பக்கம் மறைத்திருந்தார். "செவப்பு டிரைவர் கண்ணுல பட்டுச்சுன்னா வண்டி நின்னுடும், அப்புறம் ஜெயில்ல களிதான்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வைகாசியில் ஒரு தடவை வந்தார்கள், சரி. எப்போதும் வருவார்களா? சுற்றிலும் வயல் போய்த் தொழிற்சாலை வந்துகொண்டிருந்தது. யார் யாரோ குடி வருகிறார்கள், போகிறார்கள். ஒரு விளக்கை நம்பி இரண்டு கிழங்களை விட்டுவிட்டு வந்தேன் என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் மூஞ்சியில் முழிப்பது? இவர்கள் சேர்ந்து இருப்பதா, பிரிந்து போவதா என்பது அந்த விளக்குக்கு ஆள் வருகிறதா இல்லையா என்பதில் நின்றது.

பொழுது சாய்ந்தது. பெரியப்பா விளக்கேற்றிப் பச்சையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். பெரியம்மா உள்ளே பிச்சை அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் விளக்கைச் சிவப்புக்குத் திருப்பினேன்.

பத்து வரை எண்ணக்கூட நேரம் இல்லை. கேட்டில் தொங்கிய தண்டவாளத் துண்டை யாரோ அடிக்கிற சத்தம் கேட்டது, டங் டங் என்று நிறுத்தாமல். அடுத்த நிமிஷம் கேட் கீப்பரின் மனைவி ராஜாத்தி, கை முழுக்க மாவோடு ஓடி வந்தாள். கேட்டை விட்டு நகரக் கூடாது என்பதால் அவள் புருஷன் மணி அடிப்பார், இவள் ஓடுவாள், அதுதான் ஏற்பாடு. பின்னாலேயே ஒருவர் சைக்கிளைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்தார். மோசே என்று பெயர், ஷிப்டு முடிந்து தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தவர். எதிர்ச் சேரியிலிருந்து இரண்டு பேர் கயிற்றுக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வயலில் குறுக்கே ஓடி வந்தார்கள்.

"யாருக்கு இன்னா? பெர்சுக்கா, ஆயாவுக்கா?" என்றாள் ராஜாத்தி. அவளுக்கு மூச்சு வாங்கியது.

பெரியப்பா செம்போடு கொல்லையிலிருந்து வந்தார். பெரியம்மா முறத்தோடு உள்ளேயிருந்து வந்தாள். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"ஒன்னும் இல்ல. நான்தான் திருப்பினேன். யாராவது வருவாங்களான்னு..." என்று இழுத்தேன்.

மோசேதான் முதலில் பேசினார். "பாத்துக்கினியாம்மா? செரி. இனிமே பாக்காத. இன்னொரு வாட்டி சும்மாத் திருப்பினா, நெசமாத் திருப்பற அன்னிக்கு நாங்க நடந்து வருவோம்."

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஊரு சனத்த ஆழம் பாக்கறியா? பேஜாரு புடிச்சவளே" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பெரியப்பா விளக்கைப் பச்சைக்குத் திருப்பிவிட்டு, தகரம் நகரவில்லையே என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். திட்டெல்லாம் என் காதில் விழவே இல்லை. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது. மெட்ராசை விட்டுக் கிளம்பினதிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. என்னைப் பார்த்து ராஜாத்திக்கு மனசு இளகிவிட்டது. "வந்தது வந்துட்டோம், டீயாச்சும் போடு ஆயா" என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கயிற்றுக் கட்டிலிலேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

மோசேயிடம் பேச்சுக் கொடுத்தேன். "முன்ன அல்லாரும் வயலுக்குப் போயிடுவோம், பொழுது சாஞ்சா தூங்கிடுவோம். கூப்ட்டாலும் ஆளு இருக்காது. இப்ப கம்பெனில மூணு ஷிப்டு. எந்நேரமும் எவனாவது ஒருத்தன் சைக்கிள்ல போய்க்கினு வந்துகினு இருப்பான். அவனுக்கு வெளக்கு கண்ணுல படாம எங்க போவும்?" என்றார். அவர் கம்பெனி டைம் ஆபீஸில் போன் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். எனக்கு வேலையே போனில்தானே. இனி இங்கே யாருக்குத் தும்மல் வந்தாலும் எனக்குத் தகவல் வர வேண்டும் என்று பேசி முடித்தேன். மறைக்க மாட்டோம் என்று பெரியம்மாவிடமும் சத்தியம் வாங்கினேன். பிரிக்க மாட்டோம் என்று நான் சொன்ன பிறகுதான் கையில் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பூருக்குப் போக வேண்டியவர்கள் பெரியபாளையத்துக்குப் போனோம். கவரைப்பேட்டையிலிருந்து ஆரணி வழியாகப் பஸ் உண்டு, இருபது கிலோமீட்டருக்குப் பக்கம். ஆடி ஞாயிறு என்றால் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் விடியும்போதே ஏறிவிடுங்கள். பெரியப்பாவுக்கு ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். பெரியம்மாவுக்கு நான் ஒரு ஆளை எழுப்பிவிட்டு இடம் வாங்கினேன்.

ஆற்று மணலில் எங்கே பார்த்தாலும் அடுப்பு, புகை. பெரியம்மா மஞ்சள் புடவையில் பளிச்சென்று இருந்தாள். மூன்று கல் வைத்து, பிச்சை அரிசியில் பொங்கல் வைத்தாள். அரிசி நாலு கடையில் நாலு தினுசு. ஒன்று குழைந்தது, ஒன்று வேகவில்லை. நான் போட்ட அரிசிதான் வேகவில்லை என்று பெரியப்பா சொன்னார், மெட்ராஸ்காரி பார்த்து வாங்கினது அப்படித்தான் இருக்கும் என்றார். நெய்யும் வெல்லமும் போட்டு வேப்பிலைப் புகையில் வெந்த அந்தப் பொங்கல் மாதிரி நான் அப்புறம் சாப்பிட்டதில்லை. பெரியம்மா அதைப் போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டுக் கொடுத்தாள். கடைசியாகப் பெரியப்பாவின் கையில் வைத்தாள். "துன்னு. உனக்காகத் தெருத் தெருவா நின்னேன்" என்றாள். அவர் சண்டைக்கு வரவில்லை. குனிந்து சாப்பிட்டார்.

பெரியபாளையத்திலிருந்து செங்குன்றம் வழியாக மெட்ராசுக்கு நேர் பஸ் இருந்தது, நாற்பத்தைந்து கிலோமீட்டர். அவர்களைக் கவரைப்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் இந்தப் பக்கம் ஏறினேன்.

அண்ணன் வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். என்னைத் தனியாகப் பார்த்ததும் அண்ணன் எழுந்துவிட்டான். ஒன்று விடாமல் சொன்னேன். காய்ச்சலையும் சொன்னேன், கயிற்றையும் சொன்னேன். விளக்கைத் திருப்பியதைச் சொன்னபோது தம்பி சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. "அப்போ ரெண்டு பேரும் ஒன்னாத்தான் இருக்காங்க" என்றான். இருக்காங்க என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிரிப்பது அவனுக்கும் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மழைக்காலம் முடிந்ததும் கண் ஆபரேஷனுக்கு அவனே கூட்டி வந்தான், இரண்டு பேரையும் சேர்த்து. இடம் இல்லாத வீட்டில் ஒரு மாதம் இடம் இருந்தது. தம்பி, அவர்கள் வீட்டு வாசலிலேயே கைப்பம்பு போட்டுக் கொடுத்தான்.

அதற்கப்புறம் அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டு, பல வருஷம்.

இனி, போகிறவர்களுக்கு. காலிப் பையோடு போகாதீர்கள், முடிவோடும் போகாதீர்கள். பகலில் போய்ப் பகலிலேயே திரும்பாதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள். கண், முட்டி, கொல்லைப்புறம், தண்ணீர் எடுக்கிற தூரம், இந்த நாலையும் பாருங்கள். அக்கம்பக்கத்தில் யார் வருவார்கள் என்று கேட்டு, அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். உங்கள் போன் நம்பர் பெரியவர்களிடம் இருப்பதைவிட அவர்களிடம் இருப்பது முக்கியம். மற்றபடி இப்போது ரயில் அடிக்கடி இருக்கிறது, கரித்தூளும் இல்லை.

சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அண்ணன் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது அண்ணி வாசல் வரை வந்தாள். "அவங்களுக்கு அத்தனை பேர் ஓடி வந்தாங்கன்னியே கமலி, உனக்கு ஒன்னுன்னா அயனாவரத்துல யார் வருவா?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, சும்மாதான் கேட்டாள். எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மாடிப் போர்ஷனில் நான் நாலு வருஷமாகக் குடியிருந்தேன். கீழ் வீட்டு அம்மாளிடம் வாடகையைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்லை. யாரிடமும் எதற்கும் போய் நிற்காதவள் என்பதில் எனக்கு ஒரு கர்வம். மறுநாள் காலை, வீட்டில் தயிர் இருக்கும்போதே, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கதவைத் தட்டுவதற்குள் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தேன். அந்த அம்மாள் கதவைத் திறந்து, என்னையும் கிண்ணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பாலுக்கு உறை குத்தணும். கொஞ்சம் மோர் கிடைக்குமா?" என்றேன்.

"கிடைக்காம என்ன? உள்ள வாங்க" என்றாள். போனேன்.